நான் காட்டிய இரும்புத்தூள்

நுவரெலியாவில் ஒட்டோ கியர் வேலைக்கென்று என் கராஜைத் தேடி வருகிறவர்களில் பலர் ஒரே ஆள் சொல்லி வருகிறவர்கள். அவர் ஹயர் ஓடுகிறவர். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவதுதான் அவருக்குப் பிழைப்பு. "கண்டிக்கும் கொழும்புக்கும் ஏன் அலையிறீங்க, நம்ம தம்பி இருக்கான். என் கார் பொக்ஸை முழுசா இறக்கிச் செஞ்சு தந்தான். பிறகு ஒரு சின்னக் குறை வந்தப்ப சல்லி வாங்காம முடிச்சுக் கொடுத்தான்" என்று கார் ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லியே எனக்குப் பெயர் வாங்கித் தந்தார்.

அவருடைய கியர் பொக்ஸில் பழுதே இருக்கவில்லை. நான் அதைத் திறந்த அன்றே எனக்கு அது தெரியும்.

நான் தொழில் பழகியது குருணாகலில், லொறிகளுக்கு நடுவில். என் பாஸுக்கு தெர்மோஸ்டட்டைக் கண்டாலே ஆகாது. எஞ்சின் சூடேறுகிறது என்று எந்த வாகனம் வந்தாலும் முதல் வேலையாக அதைக் கழற்றி மேசைக்குக் கீழே இருக்கும் தகர டப்பாவில் போடுவார். "இது பனி பெய்ற நாட்டுக்காரனுக்குச் செஞ்சது. நமக்கு எதுக்கு?" என்பார். குருணாகல் வெயிலில் அந்தப் பேச்சு எடுபட்டது. தெர்மோஸ்டட் இல்லாத லொறியும் அங்கே ஏதோ ஒரு சூட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். யாரும் குறை சொல்லி வரமாட்டார்கள். பாஸ் சொன்னதை நான் அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு வந்தேன். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் நுவரெலியா. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் காலையில் கட்டியாக நிற்கும். அந்த ஊரில் கராஜ் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இது குளிர் நாட்டுக்காரனுக்கு, நமக்கு எதுக்கு" என்று நானும் என்னிடம் தொழில் பழகுகிற கோலயாக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாம் இருப்பதே குளிர் நாட்டில்தான் என்பது ஏன் உறைக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்த அண்ணனின் கார் டொயோட்டா கொரோலா 121. நான்கு கியர் ஒட்டோ. 2022இல், நாடே பெற்றோல் கியூவில் நின்ற நாட்களில், ரம்பொடை ஏற்றத்தில் சூடேறி நின்றுவிட்டது என்று இழுத்துக்கொண்டு வந்தார். ரேடியேட்டர் துருவும் சேறுமாக அடைத்துக் கிடந்தது. வெறுந்தண்ணீர் ஊற்றியே பல வருஷம் ஓட்டியிருந்தார். அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். தெர்மோஸ்டட்டை எடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதற்குள்ளே மெழுகு இருக்கும். 80 டிகிரியைத் தாண்டினதும் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளி, ரேடியேட்டருக்குப் போகிற வழியைத் திறக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரிலும் அரைகுறையாகத்தான் திறந்தது. மாற்றியே ஆக வேண்டும். அன்றைக்கு டொலர் இல்லை, சாமான் இல்லை. கொழும்பில் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்தால் ஒரு கடையில் இல்லை என்றார்கள், இன்னொரு கடையில் வாயில் வந்த விலையைச் சொன்னார்கள். "இப்போதைக்கு இல்லாமலே ஓடட்டும், கிடைத்ததும் போட்டுவிடலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெறும் ஹவுசிங்கை மூடிப் பூட்டினேன்.

இதுவரைக்கும் நான் செய்ததை இன்றும் பெரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் எல்லாக் கராஜிலும் நடந்ததுதான். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. பில்லில் 'ரேடியேட்டர் சுத்தம், கூலன்ட்' என்று மட்டும் எழுதினேன். பிறகு நானும் மறந்துபோனேன்.

அவருக்குப் பெரிய சந்தோஷம். "தம்பி, முள்ளு பாதிக்கே வர்றதில்ல. நல்லாக் குளிர்ச்சியா ஓடுது!" என்று வழியில் கண்ட இடத்திலெல்லாம் சொன்னார். எஞ்சின் குளிர்ச்சியாக ஓடுவது நல்லது என்று நம்புகிற ஓட்டுநர்கள் நம் ஊரில் அநேகம். அவர்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான்.

சில மாதம் போனது. அந்த வருஷம் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கு மேல். தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் போகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அண்ணன் நடுச்சாமத்தில் கிளம்புவார். லபுக்கலை, ரம்பொடை, புஸ்ஸல்லாவை, கம்பளை என்று மலையிலிருந்து இறங்கிக்கொண்டே போகும் பாதை. மழைக்காலம் முடிந்து குளிர் ஏறின நேரத்தில் கராஜுக்கு வந்தார்.

"தம்பி, நாலாவது விழுதில்ல. ராத்திரியில எடுத்தா கம்பளை தாண்டி நேர் ரோட்டுக்கு வந்த பிறகும் மூணாவதுலயே கத்திக்கிட்டு ஓடுது. 80ல போனா ஆர்பிஎம் முள்ளு 3000ல நிக்குது. வழுக்கல் ஒண்ணும் இல்ல, இழுவை நல்லாத்தான் இருக்கு. நாலாவதுதான் வர மாட்டேங்குது. பெற்றோலும் கூடக் குடிக்குது. ஹீட்டர் போட்டாலும் சூடு வர்றதில்ல, பின்னால இருக்கிற பிள்ளைங்க குளிருதுங்குது."

இந்தப் பேச்சை நான் மனப்பாடமாகச் சொல்வேன். எத்தனையோ முறை தனியாக உட்கார்ந்து அதை எடுத்துப் பார்த்திருக்கிறேன். நோயையும் காரணத்தையும் அதற்குச் சாட்சியையும் மனிதர் ஒரே மூச்சில் என் முன்னால் வைத்துவிட்டார். நான் கேட்டது ஒரே சொல்லை: நாலாவது.

குளிரில் சண்டித்தனம் பண்ணுகிற ஒட்டோ கியர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று எண்ணெய் சம்பந்தப்பட்டது. ராத்திரி முழுக்க நின்ற காரில் ஏடிஎஃப் என்கிற கியர் எண்ணெய் தடித்துக் கிடக்கும். கிளச் பிஸ்டன்களின் ரப்பர் சீல் வயதானால் குளிரில் விறைத்துப்போய் அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. லீவரை 'டி'யில் போட்டால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு டமாரென்று விழும். ரிவேர்ஸும் அப்படித்தான். எண்ணெய் மட்டம் குறைந்திருந்தாலும் இதே தொல்லை வரும். குளிரில் எண்ணெய் சுருங்கும், பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். கொஞ்சம் ஓடிச் சூடானதும் சீல் இளகி எல்லாம் சரியாகிவிடும். மறுநாள் காலை திரும்பவும் அதே கதை. இந்த வகைக்கு என்றைக்காவது ஒருநாள் பொக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று உத்தரவு சம்பந்தப்பட்டது. எஞ்சின் தண்ணீர் போதிய சூட்டுக்கு வரும்வரை கம்ப்யூட்டர் நாலாவது கியரைக் கொடுக்காது. டோர்க் கன்வேர்ட்டரையும் லொக் பண்ண விடாது. எஞ்சினும் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரும் சீக்கிரம் சூடாகட்டும் என்பதற்காகச் செய்தவன் வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது. குளிர்ந்த காலையில் முதல் சில கிலோமீட்டர் எந்தக் காரும் அப்படித்தான் ஓடும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில கிலோமீட்டர் என்பது முழுப் பயணமாக நீண்டால்தான் விசாரிக்க வேண்டும். அப்போது கை வைக்க வேண்டிய இடம் எஞ்சினின் சூடு.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சாமான் ஒன்றும் தேவையில்லை. ஆர்பிஎம் முள்ளையும் வேக முள்ளையும் சேர்த்துப் பார்த்தால் போதும். ஆர்பிஎம் தாவி ஏறி வேகம் பின்னால் நின்றால் கிளச் வழுக்குகிறது. இரண்டும் கூடவே ஏறி, அடுத்த கியர் மட்டும் வராமல் இருந்தால் பொக்ஸ் உத்தரவுக்குக் காத்திருக்கிறது. "வழுக்கல் ஒண்ணும் இல்ல" என்று அவர் தானாகவே சொன்னார். ஹீட்டரில் சூடு வரவில்லை என்றும் சொன்னார். ஹீட்டருக்குள் ஓடுவது எஞ்சின் தண்ணீர்தான். "ஹீட்டர் வேற விஷயம்ண்ணே, அதைப் பிறகு பார்ப்போம்" என்றேன்.

அப்புறம் நான் செய்த சோதனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பிற்பகல் வெயிலில், அவர் ஓட்டி வந்து சூடாக நின்ற காரை எடுத்துக்கொண்டு கிரகரி ஏரியைச் சுற்றி, பண்டாரவளைப் பக்கத்து ரோட்டில் ஒரு ஏற்றம் போய்த் திரும்பினேன். ஏற்றத்தில் எஞ்சின் உழைத்தது, சூடேறியது. திரும்பி நேர் ரோட்டுக்கு வந்தபோது நாலாவது அழகாக விழுந்தது. ராத்திரி இறக்கத்தில் கேட்கிற நோயைப் பகல் ஏற்றத்தில் தேடினேன். குளிர்ந்த கார் என்றால் ஒரு ராத்திரி நம் இடத்தில் நிற்க வேண்டும், விடியுமுன் எழுந்து போய் முதல் சாவி நாமே போட வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் எழும்ப மனமில்லை. இதைவிட நாகரிகமான காரணம் ஒன்று இருந்தால் எழுதியிருப்பேன்.

ஏடிஎஃப் மட்டமும் பார்த்தேன். காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து, எண்ணெய் சூடான பிறகு கம்பியில் ஹொட் குறிக்குப் பார்க்க வேண்டும். நுவரெலியாவில் சமதரையுள்ள கராஜ் கிடைப்பது அபூர்வம், என்னுடையதும் சரிவில்தான் இருக்கிறது. ஆனாலும் மட்டம் சரியாகவே இருந்தது, எண்ணெய் கருகவில்லை, கருகின வாடையும் இல்லை. அப்போதாவது நின்று யோசித்திருக்கலாம். ஸ்கேனரைப் போட்டேன், பிழைக் குறி ஒன்றும் இல்லை. அந்த ஸ்கேனரைக் கடன் பட்டு வாங்கியிருந்தேன். பிழைக் குறி இருந்தால் வாசிப்பேன், இல்லாவிட்டால் மூடி வைத்துவிடுவேன். அதே ஸ்கேனர் எஞ்சின் தண்ணீர் எத்தனை டிகிரி என்று ஓடும்போதே காட்டும். அந்தப் பக்கத்துக்கு அதுவரை நான் போனதே இல்லை.

"என்னண்ணே, இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார். இந்த முறை அவருடைய முகத்தில் களைப்பு. அப்போது பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை நடந்துகொண்டிருந்தது. அது தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான். பிறகு கூட்டிக் கொடுத்தாலும் ஹயர் ஓடுகிறவருக்கு எந்தக் காலத்திலும் அது போதாது, மிச்சத்துக்குக் கள்ள விலை. அதில் அவருடைய கார், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக்கொண்டு பெற்றோலைக் கூடுதலாகக் குடித்தபடி மூன்றாவது கியரில் மலை இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்த கியர் லீவருக்கு அதில் சம்பந்தமே இல்லை.

'எனக்குப் பிடிபடவில்லை, கண்டியில் ஒருவரைக் கேட்டுப் பார்க்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் வாயில் வராது. இந்த ஊரில் ஒட்டோவில் கை வைக்கிறவன் என்று போர்ட் மாட்டியவன் நான். ஆகவே, "உள்ளுக்குக் கிளச் தேய்ஞ்சிருக்கும்ண்ணே. இறக்கிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன். எங்கள் தொழிலில் தெரியாதவன் சொல்கிற வாக்கியம் அது. கேட்கிறவனுக்கு அனுபவசாலி பேசுவது போலவே இருக்கும்.

இறக்கினோம். கோலயா போல்ட்டுகளை வரிசையாகத் தட்டில் வைக்க, நான் கிளச் தகடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒரு தகட்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உராய்வுப் பூச்சின் காடிகள் புதுசு போல ஆழமாக இருந்தன. ஓரத்தில்கூட உதிரவில்லை. பக்கத்து இரும்புத் தகட்டில் சூடு பட்டால் வருகிற நீலமோ கறுப்போ ஒரு புள்ளி இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், எதுவும் வரவில்லை. கோலயா என் முகத்தைப் பார்த்தான். "நல்லா இருக்கே பாஸ்" என்றான். "உனக்கென்ன தெரியும், போய் பெற்றோல் கொண்டா, சாமான் கழுவ" என்றேன்.

அதுவரைக்கும் அறியாமை. அந்த நிமிஷத்திலிருந்து வேறு.

அண்ணன் பார்க்க வந்தார். பிரித்துப் போட்ட பொக்ஸைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் பயம். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒயில் பான் பக்கத்தில் கிடந்தது. அதன் அடியில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். எண்ணெயில் மிதக்கிற இரும்புப் பொடியைப் பிடித்து வைப்பதற்கென்றே கம்பனிக்காரன் போட்டு அனுப்புவது. எந்த ஒட்டோ பொக்ஸைத் திறந்தாலும் அந்தக் காந்தங்களின் மேல் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒரு படிவு இருக்கும். எவ்வளவு ஓடியதோ அவ்வளவுக்கு. சில்லுச் சில்லாகத் துண்டு கிடந்தால்தான் பயப்பட வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காந்தத்தைப் பிடுங்கி அவருடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"பாருங்கண்ணே, எவ்வளவு இரும்பு."

அவர் பெருவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார். விரல் சாம்பலானது. "அடேயப்பா, நான் இதோடயா பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலை எறங்கியிருக்கேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் ஒரு பொய்தான் என்று பிறகு சிலர் எனக்கு விளக்கினார்கள். விளக்கம் தேவையில்லை, அது எனக்கு அப்போதே தெரியும்.

கிளச் கிட், சீல் செட், ஃபில்டர், புது எண்ணெய், என் கூலி எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 85 ஆயிரம் ரூபா. பாதியைக் கையில் தந்தார். மீதிக்கு மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அதை அவர் சொல்லவில்லை, எங்கள் தெருவில் எதுவும் ஒளிந்திருக்காது.

கார் போன சில நாளில் விடியுமுன் போன் அடித்தது. கம்பளையிலிருந்து. "தம்பி, அதே மாதிரித்தான் இருக்கு." கோபம் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த ஹயருக்கு நானும் கூடப் போனேன். அதற்கு முன்பே செய்திருக்க வேண்டியதை அன்றுதான் செய்தேன். நடுச்சாமத்தில் அவர் வீட்டு வாசலில், குளிர்ந்து கிடந்த காரில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். பிழைக் குறிதான் இல்லையே, வேறு என்ன பார்ப்பது என்று பட்டனை அழுத்திக்கொண்டே போனதில் எஞ்சின் சூடு காட்டுகிற வரி வந்தது. டவுனைத் தாண்டும்போது 40களில் இருந்தது. லபுக்கலைக்கு 50ஐ எட்டியது. பிறகு வளைவுகள், இறக்கம், அண்ணன் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். எண் 51 ஆனது, 49 ஆனது, 47க்கு வந்தது. ஓடுகிற எஞ்சின் ஓட ஓட ஆறிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குப் போகிற வழி முழுசாகத் திறந்து கிடந்தால்தான் அப்படி ஆகும். அதைத் திறந்துவிட்டது யார் என்று அந்த இடத்தில் நினைவு வந்தது. கராஜில் என் மேசைக்குக் கீழேயும் ஒரு தகர டப்பா இருக்கிறது.

பின்சீட்டில் ஒரு பிள்ளையும் அவளுடைய அம்மாவும். பிள்ளை முதல்முறையாக வெளிநாடு போகிறாள், இருவரும் பேசவில்லை. "என்ன தம்பி காட்டுது?" என்று அண்ணன் கேட்டார். 'தெர்மோஸ்டட் இல்லை, நான்தான் கழற்றினேன், பொக்ஸைச் சும்மா திறந்தேன்.' ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம்.

"ஒரு சென்சர் வயர் லூஸ்ண்ணே. சின்ன வேலை" என்றேன்.

பஞ்சிகாவத்தையில் அந்த நேரம் சாமான் கிடைத்தது. புதுசு, ஏழாயிரம் ரூபாவுக்குள். கொழும்பு பஸ்ஸில் பார்சலாக வந்தது, கொண்டக்டருக்குக் கொஞ்சம் கொடுத்து வாங்கினேன். காரை ஒரு ராத்திரிக்குக் கேட்டு வாங்கி, கோலயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் பூட்டினேன். கூலன்ட் ஊற்றிக் காற்றெடுத்து, காலையில் குளிர்ந்த காரை எடுத்துக்கொண்டு போனேன். ஏரியைத் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் நாலாவது விழுந்தது. ஹீட்டரில் சூடு வந்தது. சல்லி வேண்டாம் என்றேன். அவர் சட்டைப் பையில் வைத்த கையை எடுக்காமல் நின்று, "இல்ல தம்பி, வேலைன்னா வேலை" என்று ஐந்நூறு ரூபாவையாவது வைக்கப் பார்த்தார். வாங்கவில்லை. அதைத்தான் இன்று வரை ஸ்டாண்டில் சொல்கிறார்.

அதற்குப் பிறகு ஒட்டோ வேலையை நான் ஒழுங்காகப் படித்தேன் என்பது உண்மை. ராத்திரி நிற்க வைக்காமல் எந்தக் காரிலும் கை வைப்பதில்லை. முதல் சாவியை நானே போடுகிறேன். எஞ்சின் சூட்டைப் பார்க்காமல் பொக்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. வருகிறவரிடம் முதல் கேள்வியே வழுக்குகிறதா, விழவில்லையா என்பதுதான். இதையெல்லாம் எனக்குச் சாதகமாக எழுதவில்லை. அவருடைய காசில் படித்தேன், அவர் கொடுத்த பெயரில் சம்பாதித்தேன், அதைச் சொல்ல வருகிறேன்.

சொல்லாமலே போயிருப்பேன். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். பழைய கார்களின் விலை விழப்போகிறது என்று எல்லாரும் விற்கப் பார்த்தார்கள், அண்ணனும்தான். ஒரு பின்னேரம் கராஜுக்கு வந்து, "தம்பி, அந்தக் கியர் பொக்ஸ் பில்லு என்கிட்ட கசங்கிக் கெடக்கு. நல்லதா ஒண்ணு எழுதித் தா. ஃபுல் ஓவரோல் செஞ்சதுன்னு காட்டினா ஐம்பதாயிரம் கூடக் கேக்கலாம்" என்றார்.

பில் புத்தகத்தை எடுத்தேன், பேனாவையும் எடுத்தேன், எழுத வரவில்லை. மனச்சாட்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே பொய்யை என் கையெழுத்தில் இரண்டாம் முறை எழுத வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

நெடுநேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப பொக்ஸுல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லண்ணே."

"அந்த இரும்புத் தூளு? என் கையில வச்சியே?"

"எல்லாக் கார்லயும் இருக்கும்ண்ணே."

சங்கிலியைப் பற்றியோ பெற்றோலைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தூளைத்தான் கேட்டார். பிறகு, "சரி, இப்ப அந்தப் பில்லை வாங்க வர்றவன்கிட்ட காட்டவா, வேணாமா? சாமான் புதுசு போட்டது நெசந்தானே?" என்றார். நிஜம்தான். தேவைப்படாத புதுச் சாமான். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் கசங்கிய பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காரை விற்கவில்லை, இன்னும் ஓட்டுகிறார். சர்வீஸுக்கு ஹட்டனுக்குக் கொண்டுபோகிறார்.

கூலிக் காசைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்துவருகிறேன். சாமான் காசு வேண்டாம் என்றுவிட்டார், "அதுதான் கார்ல இருக்கே" என்று. வியப்பு என்னவென்றால் ஸ்டாண்டில் அவர் இன்னும் பேச்சை மாற்றவில்லை. என்னைக் காப்பாற்றுகிறாரா, தான் ஏமாந்ததை மறைக்கிறாரா என்று கேட்க எனக்கு வாயில்லை. அவர் அனுப்பிய ஆள் போன வாரமும் வந்தார். ஆகவேதான் இதை நானே எழுதுகிறேன்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அந்த டப்பாவில் இருந்தது ஒரு தெர்மோஸ்டட் அல்ல. எந்தெந்த வாகனத்திலிருந்து எடுத்தவை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. நினைவில் நின்ற சிலரை அழைத்துப் புதுசு போட்டுக் கொடுத்தேன். மற்றவர்கள் இந்த மலையில் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பார்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எப்போதாவது உங்கள் கார் சூடேறி ஒரு கராஜில் செய்து வாங்கியிருந்தால், அதன் பிறகு முள் பாதிக்கே வராமல் இருந்தால், ஹீட்டர் சூடு தராமல், நாலாவது கியர் நேரஞ்சென்றே விழுந்தால், யாரிடமும் பொக்ஸைத் திறக்கக் கொடுக்காதீர்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, ஃபேனில் கை படாமல், எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்கு வருகிற மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டட் இருந்தால் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை அந்தக் குழாய் பெரிதாகச் சுடாது, பிறகுதான் திடுமென்று சூடேறும். எழுப்பின கொஞ்ச நேரத்திலேயே எஞ்சினோடு சேர்ந்து அதுவும் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. அல்லது இருக்கிறது, திறந்தபடி இறுகிவிட்டது. என் கையால் கழற்றியது என்றால் கொண்டுவாருங்கள். சாமானும் என்னுடையது, கூலியும் இல்லை.